வெயிலில் வேகும் வீட்டு நூடுல்ஸ்: மலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மாவு பிசைவதில் ஆரம்பித்துத் தட்டில் போடுவது வரை கேஸ் பற்ற வைக்காமல், வெயிலை மட்டும் வைத்து நூடுல்ஸ் செய்ய முடியுமா என்று குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து நிறைய பேர் கேட்கிறார்கள். முடியும். நான் கோத்தகிரியில் அப்படித்தான் செய்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும், ஆனால் இது முதலில் மலைக்காரர்களுக்காக எழுதியது.

இந்தக் குளிரில் சோலார் அடுப்பு சூடாகுமா?

ஆகும். அடுப்புக்கு வேண்டியது நேர் வெயில்தான், சுற்றியிருக்கும் காற்று சூடாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஜனவரி காலையில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், அதே நாள் பதினொரு மணிக்கு அங்கேயே நின்றால் கழுத்து சுள்ளென்று எரியும். உறைபனி விழுவதே இரவில் வானத்தில் மேகம் இல்லாததால்தான். அதனால் காலையில் புல் வெளுத்திருந்தால் அன்றைக்குப் பெரும்பாலும் நல்ல வெயில் கிடைக்கும், தைரியமாக மாவை எடுக்கலாம்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இந்த உயரத்தில் வெயில் கடந்து வரும் காற்று குறைவு, தூசியும் குறைவு. கொடைக்கானலில் 1899ல் சூரிய ஆய்வகம் வைத்தார்களே, 1909ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தாரே, அது இந்த மலை வெயிலை வைத்துத்தான்.

குளிரால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெட்டி அடுப்பின் (கண்ணாடி மூடிய பெட்டிக்குள் பாத்திரம் வைக்கும் வகை) உள்ளே 120 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 100. மேட்டுப்பாளையத்தில் வெளியே 35 டிகிரி என்றால் வித்தியாசம் 85. அந்த அளவுக்கு இங்கே சூடு கொஞ்சம் வேகமாக வெளியேறும், அவ்வளவுதான். நிஜமான தொந்தரவு இரண்டு: மேகமும் காற்றும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டையும் சமாளிப்பது பற்றித்தான்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை பிரமாதம். அதற்கப்புறம் நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும், அப்போது கோத்தகிரியில் இடையிடையே நல்ல வெயில் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அது கோத்தகிரி, குன்னூர் பக்கத்தையும் கொடைக்கானலையும் பிடித்துக்கொள்ளும்.

நேரம் என்றால் ஒன்பது முதல் ஒரு மணி வரை. மலையில் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு (மூடுபனி) ஏறி வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சமவெளியில் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு வைத்து மூன்று மணிக்கு எடுப்பார்கள், அந்தக் கணக்கை இங்கே பின்பற்றினால் பாதி வெந்த மாவோடு நிற்க வேண்டியதுதான். சாப்பாட்டை பதினொன்றரைக்கு நகர்த்துங்கள். வெயில் சமையலில் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: நம் நேரத்துக்கு வெயிலை எதிர்பார்க்காமல் வெயில் நேரத்துக்குச் சமையலைக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. "அடுப்பைத் தெற்குப் பார்த்து வையுங்கள்" என்று அடுப்போடு வரும் தாளில் இருக்கும். டிசம்பரில் சரி, அப்போது நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஆனால் நம் மலைகள் 10, 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசிவாக்கில் திரும்பும் வரை நடுப்பகலில் வடக்குப் பக்கம் இருக்கும். மே மாதம் அடுப்பு வடக்குப் பார்க்க வேண்டும். தாளைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள்.

எந்த அடுப்பு வாங்கலாம்?

நூடுல்ஸுக்கு என்று கேட்டால் டிஷ் அடுப்பு. கண்ணாடி போலப் பளபளக்கும் அலுமினியத் தகடுகளைக் குடை மாதிரி வளைத்து, நடுவில் பாத்திரம் வைக்கத் தாங்கி இருக்குமே, அது. 1.4 மீட்டர் அகல டிஷ்ஷின் முகப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழும். தகட்டில் சிதறியது, பாத்திரத்திலிருந்து காற்று அடித்துக்கொண்டு போனது எல்லாம் கழித்தால் தண்ணீருக்குள் போவது 600 வாட் அளவில் நிற்கும். 3 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கக் கணக்குப்படி 26 நிமிடம், காற்று வீசினால் 40 நிமிடம் கூட ஆகும்.

பெட்டி அடுப்பு வேறு மாதிரி. கறுப்புத் தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி. 1767லேயே ஒராஸ் டி சொசூர் என்ற சுவிஸ் அறிஞர் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலைப் பிடித்துப் பழம் வேக வைத்துப் பார்த்தார், இன்றைக்கும் அதே தத்துவம்தான். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்குக்கு இதைப் போல நிம்மதியான அடுப்பு கிடையாது, வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். ஆனால் திறந்தால் சூடு போய்விடும், தளதளவென்ற கொதி வராது. பச்சை நூடுல்ஸுக்கு அந்தக் கொதி வேண்டும், இல்லாவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும்.

இரண்டும் இருந்தால் யோகம். பெட்டியில் தண்ணீரைச் சூடேற்றி டிஷ்ஷுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் பாத்திரம் மெல்லிசாக, வெளிப்பக்கம் கறுப்பாக, மூடியோடு இருக்கட்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம் விழுகிற வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

மாடியில் சோலார் பேனல் இருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பில் சமைத்தால் அதுவும் சோலார்தானே?

தாராளமாக. மின்சாரக் கணக்கில் பார்த்தால் 3 லிட்டர் தண்ணீர் கொதிக்க மூன்றில் ஒரு யூனிட் போதும், நூடுல்ஸும் வெந்து காயும் வதக்கி முடிக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் நாலு யூனிட்டுக்குக் குறையாமல் தரும், அதனால் மின்சாரம் பற்றிக் கவலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு. வீட்டில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டிருக்கும் 850 வி.ஏ. இன்வெர்ட்டர், ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, இதில் 1,500 வாட் இண்டக்ஷனை ஓட்ட நினைக்காதீர்கள். அந்த இழுவைக்குப் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் ஓடும், இன்வெர்ட்டர் தாங்காது. குறைந்தது 2 கே.வி.ஏ., 24 வோல்ட் அமைப்பு வேண்டும். அப்புறம், பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் (2024 பிப்ரவரியில் தொடங்கியது, 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய்) பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்துப் போடுகிறார்களே, அந்த அமைப்பில் கரண்ட் போனால் உங்கள் பேனலும் சேர்ந்து நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சரியான காரணம்தான். ஆனால் காற்றடித்து மரம் சாய்ந்தால் நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத நம் ஊரில் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

என் விருப்பம் டிஷ்தான். பழுதானால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது. நூடுல்ஸ் வேகுமா?

வேகும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். கோத்தகிரி, குன்னூரில் 94 டிகிரி, ஊட்டியில் 92, 93. துவரம்பருப்புக்கு இது பெரிய வித்தியாசம், நூடுல்ஸுக்கு அப்படியில்லை. கோதுமை மாவின் ஸ்டார்ச் 60 டிகிரியைத் தாண்டியதுமே தண்ணீரை இழுத்து உப்ப ஆரம்பித்துவிடும். சமவெளியில் 3 நிமிடத்தில் வேகும் பச்சை நூடுல்ஸ் இங்கே 4 நிமிடம் பிடிக்கும். ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாவிட்டால் சரி.

பிரஷர் குக்கரில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மாவுக் கஞ்சி நுரைத்து வெயிட் போடும் துளையை அடைத்துவிடும், ஆபத்து.

மாவு என்ன, அளவு என்ன?

நாலு பேருக்கு: மைதா 250 கிராம், சலித்த கோதுமை மாவு 150 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் 170 மி.லி. முட்டை போடுவதென்றால் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அதோடு சேர்த்து மொத்தம் 180 மி.லி. வரும்படி தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கக் கோதுமை மாவில் செய்யலாம், ஆனால் தவிடு இழைகளை அறுக்கும், கொதியில் துண்டு துண்டாகப் போகும். அதனால்தான் கலப்பு. மைதாவே வேண்டாம் என்பவர்கள் கோதுமை மாவை இரண்டு முறை சலித்து, முட்டை சேர்த்து, கொஞ்சம் அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, முதலில் புட்டு மாவு போல உதிராகப் பிசறுங்கள். அப்புறம் அழுத்திச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். பூரி மாவை விட இறுக்கமாக இருக்கும், கை வலிக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இளக்கமாகப் பிசைந்தால் தேய்க்கச் சுகம், வெட்டின பிறகு ஒட்டும். மலைக் குளிரில் மாவு விறைத்துக்கொள்வதால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். சமவெளியில் அரை மணி போதும். அந்த ஒரு மணி நேரத்தில் மாவு தானாகவே வழவழப்பாகிவிடும், விரலால் அழுத்தினால் குழி மெதுவாக எழும்பி வரும்.

கோதுமை நம் மலைக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சம்பா கோதுமை நீலகிரியில் விளைந்த பயிர். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பதற்கும் காரணம் உண்டு. சமவெளியின் கோடையில் கோதுமைத் துரு நோய்ப் பூஞ்சை அழிந்துவிடும், நீலகிரி, பழனி மலைகளின் குளிரில்தான் ஆண்டு முழுவதும் பிழைத்திருந்து பிறகு காற்றில் பரவுகிறது என்று கே.சி. மேத்தா என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். சம்பா கோதுமை மாவு கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம், மணம் நன்றாக இருக்கும். ஆனால் அதன் பசைத்தன்மை பலவீனம், முட்டையும் பாதிக்குப் பாதி மைதாவும் சேர்த்தால்தான் இழை நிற்கும்.

மெஷின் இல்லாமல் தேய்த்து வெட்ட முடியுமா?

சப்பாத்திக் கட்டையும் நல்ல கத்தியும் போதும். மாவை நாலு உருண்டையாக்கி, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வையுங்கள். இங்கே காற்று காய்ந்திருக்கும் மாதங்களில் மேல்தோல் சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள், பலகையின் மரவரி லேசாகத் தெரிய ஆரம்பித்தால் போதும். இரண்டு பக்கமும் அரிசி மாவைத் தாராளமாகத் தூவி, புடவையை மடிப்பது போல மடித்து, தீக்குச்சி அகலத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுங்கள். வெட்டியதும் உடனே உதறிப் பிரித்து, இன்னும் கொஞ்சம் அரிசி மாவு தூவி, துணியில் பரப்புங்கள். மடிப்போடு விட்டால் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தூவுவதற்குக் கோதுமை மாவையே எடுக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பசையாகும்.

கடையில் சாப்பிடுவது போல லேசான மஞ்சளும் இழுவையும் வரவில்லையே?

அது காரத்தன்மையால் வருவது. 400 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா தண்ணீரில் கரைத்துப் பிசைந்தால் கொஞ்சம் வரும். இன்னும் சரியாக வேண்டுமென்றால் சமையல் சோடாவைச் சூடாக்கி எடுத்துக்கொள்ளலாம், அதையும் வெயிலிலேயே செய்யலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். காலியான பெட்டி அடுப்பு தெளிந்த நண்பகலில் 120 டிகிரியை எட்டும். எவர்சில்வர் தட்டில் சோடாவை மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணி நேரம் வைத்தால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சோடியம் கார்பனேட் ஆகும், எடை குறைந்து மாவு போல உதிரும். 400 கிராம் மாவுக்கு இதில் 4 கிராம் போதும். அலுமினியத் தட்டில் வைக்காதீர்கள், அரித்துவிடும். ஈரக் கையால் தொடாதீர்கள், தோல் எரியும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

ஒரு நாள் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது?

எட்டரைக்கு மாவைப் பிசைந்து மூடிவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பெட்டி அடுப்பை வெளியே எடுத்து 3 லிட்டர் தண்ணீர் வைத்தால் பத்தேமுக்கால் வாக்கில் 60, 70 டிகிரிக்கு வந்திருக்கும். இடையில் தேய்த்து, வெட்டி, காய் நறுக்கி முடித்துவிடலாம். பிறகு அந்தத் தண்ணீரை டிஷ்ஷுக்கு மாற்றினால் கால் மணி நேரத்துக்குள் கொதிக்கும்.

டிஷ்ஷைத் திருப்பும்போது பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெயில் குவியும் வட்டம் கறுப்பு அடியில் உட்கார்ந்தால் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், அது விலகிப் பக்கவாட்டுக்குப் போனால் கொதி அடங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை லேசாகத் திருப்பினால் போதும். காற்றுப் பக்கம் ஒரு பலகை அல்லது தகரம் நிறுத்துங்கள், கொதிக்கும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும்.

கொதி வந்ததும் உப்பு போட்டு, நூடுல்ஸை இரண்டு ஈடாகப் போடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் தண்ணீர் அடங்கிவிடும், 600 வாட் அடுப்பு அதை மீட்டுக் கொண்டுவருவதற்குள் இழைகள் ஒட்டும். பாதி போட்டால் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் திரும்பக் கொதிக்கும். போட்டவுடன் ஒரு நீளக் கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிட்டு மூடி போடுங்கள்.

வடிப்பதற்கு முன்னால் டிஷ்ஷை வெயிலிலிருந்து திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இன்னொருவரைக் குடை பிடித்து நிழல் போடச் சொல்லுங்கள். குவியும் இடத்துக்குள் கையை நீட்டிப் பாத்திரத்தை எடுக்கவே கூடாது.

அக்கா, என்னிடம் பெட்டி அடுப்பு மட்டும்தான் இருக்கு. என்ன செய்ய?

மூன்று வழி இருக்கு, தம்பி.

காய்ந்த நூடுல்ஸ் என்றால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், இன்னொரு பாத்திரத்தில் எண்ணெய் புரட்டிய காய்ந்த நூடுல்ஸ், இரண்டையும் தனித்தனியாக மூடிப் பெட்டியில் வை. தண்ணீர் நன்றாகச் சூடேறி மூடியில் ஆவி தட்டியதும் நூடுல்ஸில் ஊற்றிக் கிளறி மூடிவிடு. நூடுல்ஸும் சூடாக இருப்பதால் தண்ணீர் ஆறாது, ஒட்டவும் ஒட்டாது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

பச்சை நூடுல்ஸ் என்றால் ஆவியில் வேக வை. இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, நூடுல்ஸைத் தளர்வாகப் பரப்பி, கீழே ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீர் கொதிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை தட்டை உள்ளே வைக்காதே. ஆவி வந்த பிறகு வைத்து, முக்கால் மணி நேரத்தில் எடுத்து, கையளவு வெந்நீர் தெளித்து உதறிவிடு. கொஞ்சம் கடினமாக இருக்கும், காயோடு புரட்ட ஏற்றது.

மூன்றாவது, வெட்டவே வேண்டாம். தேய்த்த மாவைப் பட்டையாகவே விட்டு, கறுப்பு டப்பாவில் தக்காளிக் குழம்பு ஒரு அடுக்கு, மாவு ஒரு அடுக்கு, துருவிய கேரட்டும் கீரையும் ஒரு அடுக்கு என்று அடுக்கி, மேலே குழம்பு தளும்ப ஊற்றி மூடி வை. இரண்டு மணி நேரம். பெட்டி அடுப்புக்கென்றே பிறந்த சாப்பாடு இது, திறக்கத் தேவையில்லை, கிளறத் தேவையில்லை.

ராகியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தேய்த்து வெட்டுவது நடக்காது, ராகியில் இழுவை கிடையாது. படுகர் வீடுகளில் ஹிட்டு (களி) கிண்டுவது போல ராகி மாவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிளறி, நாலில் ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்து, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியதும் பிசைந்து இடியாப்ப அச்சில் பிழிந்து ஆவியில் வையுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் சந்தகைக்கு அரிசியை அரைத்து முதலில் வேக வைத்து, அப்புறம் சூட்டோடு பிழிவார்கள். வெயில் அடுப்புக்கு அந்த முறை இன்னும் பொருத்தம், ஏனென்றால் வேகும் வேலை முழுக்கப் பெட்டிக்குள் நடந்துவிடும், பிழிந்ததும் சாப்பிடலாம்.

நிறையச் செய்து வெயிலில் காய வைத்துக்கொள்ளலாமா?

மழை மாதங்களுக்கு அதுதான் வழி. வற்றல், வடகம் போடும் வீட்டில் இதற்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நண்பகல் வெயிலில் நேரடியாகப் போட்டால் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, மறுநாள் தொட்டால் பொடிப்பொடியாக உடையும். முதலில் காற்றோட்டமான நிழலில் கம்பில் தொங்கவிட்டு, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இளவெயிலுக்கு மாற்றுங்கள். இரண்டு மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், மஞ்சு ஏறினால் காலையிலிருந்து காய்ந்தது அத்தனையும் வீண். மார்ச்சில் ஒரு பகலும் மறுநாள் காலையும் போதும். கடைசியில் பெட்டி அடுப்பின் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்து அரை மணி காட்டினால் மிச்ச ஈரமும் போகும். வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும்.

முட்டை போட்டதை இப்படிக் காய வைத்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் எல்லோர் வீட்டிலும் தகர டப்பா இருக்கும், அதுவே நல்லது.

நடுவில் மேகம் வந்துவிட்டால்?

தண்ணீர் மட்டும் இருந்தால் மூடி போட்டுக் காத்திருங்கள், பழைய கம்பளியைச் சுற்றினால் சூடு நிற்கும் (முதலில் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு). நூடுல்ஸ் போட்ட பிறகு வந்தால் காத்திருக்காதீர்கள், உள்ளே எடுத்துப்போய்க் கேஸில் முடியுங்கள். சாப்பாடு கெடக் கூடாது. வானம் பார்த்து, கொதி வந்த பிறகே நூடுல்ஸைப் போடுங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

கண்ணுக்கு ஆபத்தா? வேறு என்ன ஜாக்கிரதை?

டிஷ்ஷுக்குள் குனிந்து பார்க்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்யுங்கள்.

தீ பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெயில் நன்றாக இருக்கும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் நம் மலைகளில் காட்டுத்தீ காலமும். காய்ந்த புல், யூகலிப்டஸ் சருகு, சில்வர் ஓக் இலை கிடக்கும் இடத்தில் டிஷ்ஷை வைக்கவே கூடாது. பாத்திரம் இல்லாமல் சூரியனைப் பார்த்தபடி விட்டுவிட்டுப் போனால், குவியும் ஒளி எதன்மேல் விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். சிமெண்ட் தளத்தில் வையுங்கள், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள் அல்லது கனமான துணியால் மூடுங்கள். கால்களில் கல் கட்டுங்கள், மலைக்காற்று டிஷ்ஷைப் பாய்மரம் போலத் தள்ளிக்கொண்டு போகும்.

குரங்கு வரும் வீடுகளில் காய வைத்த நூடுல்ஸுக்குக் கம்பி வலை மூடி அவசியம். காட்டெருமை நடமாடும் தெருவில் அடுப்பைத் தோட்டத்து ஓரத்தில் வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

காய், மசாலா எல்லாம் எதில் வதக்குவது?

டிஷ்ஷிலேயே. இரும்பு வாணலியை வைத்து ஐந்து நிமிடம் காய விட்டால் எண்ணெய் ஊற்றியதும் புகையும். கோஸ், கேரட், பீன்ஸ், லீக்ஸ் எல்லாம் நம் மலையில் விளைவது, மெல்லிசாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், குவித்துப் போட்டால் தண்ணீர் விட்டு வேகும், வதங்காது. பூண்டுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு (2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பூம்பாறைப் பக்கம் விளைவது), நாலு பல் தட்டிப் போட்டால் போதும், காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். மிளகுத்தூள், கொஞ்சம் சோயா சாஸ். நூடுல்ஸ் வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினால் மசாலா இழையில் பிடிக்கும். மிச்சக் கஞ்சியைக் கீழே ஊற்றாதீர்கள், காய்கறித் தண்டுகளைப் போட்டுச் சூப் வைக்கலாம்.

கேஸ் எவ்வளவு மிச்சமாகும்?

உண்மையைச் சொன்னால், ஒரு தடவைக்கு 70 கிராம் அளவில்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று மிச்சமாக ஏறக்குறைய 200 தடவை நூடுல்ஸ் செய்ய வேண்டும். நூடுல்ஸுக்காக மட்டும் அடுப்பு வாங்கினால் பணக்கணக்கு சரிவராது. ஆனால் அடுப்பு வீட்டுக்கு வந்துவிட்டால் சோறு, பருப்பு, குளிக்க வெந்நீர், கிழங்கு, வேர்க்கடலை வறுப்பது என்று எல்லாம் அதில் ஏறிவிடும், அங்கேதான் சிலிண்டர் நாள் நீளும். விறகு எரிக்கும் வீடுகளில் மிச்சம் இன்னும் பெரிது, புகையும் இல்லை. பெண்கள் விறகுக்காகச் சோலைக்காட்டுக்குள் போய்வருவது குறைந்தாலே எனக்குப் போதும்.

பெரிய அளவிலும் இது முடியும் என்பதற்கு ஆரோவில்லில் போய்ப் பாருங்கள். சமையற்கூடத்தின் மொட்டை மாடியில் 15 மீட்டர் அகலத்தில் கிண்ணம் போல ஒன்று கட்டி, வெயிலில் நீராவி எடுத்து நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

பகலில் செய்ததை ராத்திரிக்கு வைக்கலாமா?

வைக்கலாம். வடித்த உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெய் புரட்டி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மலைக் குளிர்தானே என்று வெளியே விட்டுவிடாதீர்கள், பகல் வெயிலில் சமையலறை நாம் நினைப்பதை விடச் சூடாகும். ராத்திரி சூடாக்க அடுப்பு பற்ற வைக்க வேண்டாம் என்றால், மதியம் டிஷ்ஷில் கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்திருங்கள். ஏழு மணிக்கும் கை சுடும் அளவுக்கு இருக்கும், நூடுல்ஸின்மேல் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு வடித்தால் போதும்.